ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் இரண்டாவது வாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்ட ஒருவரைப் பற்றி நாளிதழில் செய்தி வந்தால், 'அறுவை சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது, நோயாளி நலமாக உள்ளார்' என்ற வரியோடு அநேகமாக அது முடிந்துவிடும். குடும்பத்தாரும் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டவர், ஐந்தாம் நாள் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், எட்டாம் நாள் காலையில் வலது கையைத் தூக்க முடியாமல் கிடந்தால் அதை யாராலும் நம்ப முடிவதில்லை. 'ஆபரேஷனில் ஏதோ கோளாறு' என்று ஒரு பேச்சு கிளம்பும். 'மலைக்காரர், ஏ.சி. ரூம் ஒத்துக்கொள்ளவில்லை, குளிரில் நரம்பு இழுத்துக்கொண்டது' என்று இன்னொன்று. இரண்டும் காரணமில்லை. முதல் நாளே கொட்டிய இரத்தம், மூளைத் தமனிகளைச் சுருக்கி, எட்டாம் நாள் செய்யும் வேலை இது.

நீலகிரியில் பிறந்து, கீழே சமவெளியில் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடிதம் சற்று நீளம். மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் 'மூளை நரம்பு வெடிச்சிருச்சு' என்பார்கள். வெடிப்பது நரம்பு இல்லை, இரத்தம் கொண்டுபோகும் தமனி. மூளையின் அடிப்பக்கத்தில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாக நிற்கின்றன. அந்த வளையத்தின் கிளை பிரியும் முனைகளில் சிலருக்குச் சுவர் மெலிந்து மிளகு, பட்டாணி அளவுக்குப் புடைத்திருக்கும். அனியூரிசம் என்பது இதுதான். அடிபடாமல் தானாக ஏற்படும் இவ்வகைக் கசிவுகளில் நூற்றுக்கு 85 இந்தப் புடைப்பு உடைவதால் வருபவை. இரத்தம் மூளைக்குள் பாய்வதைவிட, மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே, தண்டுவட நீர் ஓடும் இடைவெளியில் பரவுகிறது. அங்கேயே உறைந்து, அடித்தளத் தமனிகளைச் சுற்றிச் சேறு அப்பினதுபோல ஒட்டிக்கொள்கிறது. உடைந்த இடத்தைக் கிளிப் போட்டோ, உள்ளே பிளாட்டினம் காயில் (மெல்லிய கம்பிச் சுருள்) வைத்தோ அடைத்துவிடலாம். மறுபடி உடையாமல் இருக்க அது போதும். வெளியே அப்பியிருக்கும் இரத்தம் அப்படியேதான் இருக்கும். மண்டையைத் திறக்கும்போது கொஞ்சம் கழுவி எடுப்பார்கள். தொடை வழியாகக் காயில் வைக்கும்போது அதுவும் கிடையாது. ஆகவே 'எங்களுக்கு ஆபரேஷனே இல்லை, காயில்தான் வைத்தார்கள், ஸ்பாஸம் (தமனிச் சுருக்கம்) வராது' என்று நினைத்துவிடக் கூடாது.

உறைந்த இரத்தம் ஏன் தமனியைச் சுருக்குகிறது? இரத்தக்குழாய்க்குள் ஓடும் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். வெளியே கட்டியாகிவிட்டால் மூன்று நான்கு நாட்களிலேயே அது உடையத் தொடங்கும். அதுவரை பைக்குள் அடைபட்டிருந்த ஹீமோகுளோபின் வெளியே வந்து தமனிச் சுவரை நேரடியாகத் தொடுகிறது. வம்பு அங்கே ஆரம்பிக்கிறது.

தமனிச் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. அந்தத் தசை இறுகாமல் தளர்ந்திருக்க, சுவரின் உட்பூச்சுச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளித்துளியாகச் சுரந்துகொண்டே இருக்கும். (இந்த வாயு இரத்தக்குழாய்களுக்குக் கொடுக்கும் சமிக்ஞையைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு தரப்பட்டது.) வெளியே வந்த ஹீமோகுளோபின் அந்த வாயுவைக் கண்டதும் கவ்விக்கொள்ளும். தசையைத் தளர்த்தும் கை போய்விடுகிறது. அதே சமயம் இறுக்கும் கை பலமாகிறது: எண்டோதீலின் என்ற பொருள் கூடுதலாகச் சுரக்கும். 1988-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட இது, நம் உடலுக்குள் இரத்தக்குழாயைச் சுருக்கும் பொருள்களில் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. போதாக்குறைக்கு, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு துருவேறுவதுபோல மாறும்போது வீரியமுள்ள ஆக்சிஜன் துகள்கள் தெறித்துச் சுவரின் கொழுப்பைக் கெடுக்கின்றன. கட்டியைத் தின்ன வரும் வெள்ளையணுக்கள் தங்கள் பங்குக்கு அழற்சியைக் கிளப்புகின்றன. இத்தனையும் சேர்ந்து தசைச் செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்துவிட, தசை இறுகுகிறது. இறுகியபின் ரோ-கைனேஸ் என்ற நொதி அந்த இறுக்கத்தைப் பூட்டிவைக்கும். மறுபடி கால்சியம் வராவிட்டாலும் பிடி தளராது. சாதாரணத் தசைப்பிடிப்பு சில நிமிடத்தில் விடுகிறது, இது வாரக்கணக்கில் நிற்கிறது என்றால் இதுதான் காரணம்.

நாள்கணக்கும் இதிலிருந்தே வருகிறது. முதல் இரண்டு நாள் சுருக்கம் அநேகமாக இருக்காது. மூன்றாம் நான்காம் நாள் தொடங்கும், ஏழு முதல் பத்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், பதினான்கு முதல் இருபத்தொன்றாம் நாளுக்குள் கட்டி கரையக் கரைய விடும். எவ்வளவு இரத்தம் கொட்டியது என்பதே யாருக்கு வரும் என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடும். முதல் சி.டி. ஸ்கேனில் அடித்தளக் குழிவுகளில் இரத்தம் 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாகப் படிந்திருந்தால் ஆபத்து அதிகம் என்று 1980-இல் ஃபிஷரும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்த அளவுகோலைத் திருத்தங்களோடு இன்றும் பயன்படுத்துகிறோம். மூளையின் உள்ளறைகளிலும் இரத்தம் இறங்கியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பீடி, சிகரெட் பழக்கம் இங்கே இரண்டு முறை கெடுக்கிறது: புடைப்பு உருவாகவும் உடையவும் அது ஒரு காரணம், பிறகு சுருக்கம் வரவும் அதுவே ஒரு காரணம்.

வெளியே சிந்திய ஹீமோகுளோபினைப் பிடித்து அகற்ற ஹாப்டோகுளோபின் என்ற புரதம் நம் உடலில் உண்டு. இரத்தத்தில் தாராளமாக இருக்கும் அது தண்டுவட நீரில் மிகக் குறைவு. ஒரு பெருங்கசிவு வந்தால் உடனே தீர்ந்துவிடும். பிறவியிலேயே இதில் வகைகள் உண்டு. 2-2 என்ற வகை உள்ளவர்களுக்குச் சுருக்கம் அதிகம் வருவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த வகை நம் நாட்டில் மிகச் சாதாரணம்.

குளிர் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஊட்டியில் ஜனவரியில் புல்மேல் உறைபனி படிந்தாலும் மண்டைக்குள் 37 டிகிரிதான். வெளிக்காற்று மூளையின் அடியில் உள்ள தமனியைத் தொட்டுச் சுருக்குவதில்லை. மஃப்ளர் சுற்றுவதால் தப்பு ஒன்றுமில்லை. அதைச் சுற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுவதில்தான் தப்பு.

சுருக்கம் வந்தால் எல்லாருக்கும் பக்கவாதம் வந்துவிடுமா? வராது. குழாயின் விட்டம் பாதியானால், அழுத்தம் மாறாதபோது, ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது பௌதிகக் கணக்கு. ஆனால் சுருங்குவது குழாயின் ஒரு துண்டுதான். அதற்கப்பால் உள்ள சிறு குழாய்களை மூளை விரித்து ஈடுகட்டும். அதனால்தான் ஆஞ்சியோகிராம் எடுத்தால் மூன்றில் இருவருக்குச் சுருக்கம் தெரிகிறது, பாதிப்பு வருவதோ சுமார் மூன்றில் ஒருவருக்கு. அந்த ஈடு எப்போது முறிகிறது என்பதுதான் கேள்வி. இரத்த அழுத்தம் விழுந்தாலோ, உடலில் நீர் வற்றினாலோ முறியும்.

சுருக்கம் மட்டுமே குற்றவாளி இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். எண்டோதீலினைத் தடுக்கும் கிளாசோசென்டான் மருந்தைப் பெரிய ஆய்வுகளில் சோதித்தபோது தமனி விரிந்தது; நோயாளிகள் அதற்கேற்றபடி தேறவில்லை. மிக நுண்ணிய குழாய்களில் படியும் இரத்தக்கட்டிகள், முதல் நாள் அதிர்ச்சியிலேயே மூளைக்கு ஏற்பட்ட சேதம், மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில், செல்களின் மின் இயக்கத்தை அணைத்துக்கொண்டே ஊர்ந்துபோகும் அலை ஆகியவையும் பங்காளிகள். நல்ல மூளையில் அந்த அலை வந்தால் குழாய்கள் விரிந்து கூடுதல் இரத்தம் தரும். கசிவால் கெட்ட மூளையில் தலைகீழாக, அலை போகும் பாதையிலேயே குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. மெக்னீசியம், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் இரண்டையும் பலன் தரும் என்று எதிர்பார்த்துப் பெரிய ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. முதுகில் மெல்லிய குழாய் வைத்து, இரத்தம் கலந்த தண்டுவட நீரை மணிக்கு 5 மில்லி வீதம் வடித்தால் பாதிப்பு குறைகிறது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. காரணத்தையே வெளியேற்றும் வழி என்பதால் எங்களுக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

இனி நடைமுறைக்கு வருவோம். மலையில் இருந்து வருபவர்களிடம் அதிகம் தவறுவது நாள் எண்ணுவதில். ஆபரேஷன் நடந்த நாளிலிருந்தோ, கோவையில் சேர்த்த நாளிலிருந்தோ எண்ணுகிறார்கள். தலைவலி வெடித்த நாள்தான் 0. பந்தலூர்ப் பக்கம் ஒருவர் மூன்று நாள் 'பனித் தலைவலி' என்று தைலம் தேய்த்துப் படுத்திருந்துவிட்டுக் கீழே வந்தால், வந்த அன்றே அவர் சுருக்கக் காலத்துக்குள் நுழைந்துவிட்டார். ஆகவே தலைவலி தொடங்கிய தேதியையும் மணியையும் எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள். சிகிச்சையில் பாதி அந்தக் குறிப்பைப் பொறுத்தது.

அடுத்தது இரத்த அழுத்தம். புடைப்பை அடைக்கும்வரை மேல் அழுத்தத்தைப் பொதுவாக 160-க்குக் கீழே வைப்போம், மறுபடி உடையக்கூடாதே என்று. அடைத்தபின் கதை மாறுகிறது. சுருங்கிய குழாய் வழியாக இரத்தத்தைத் தள்ள அழுத்தம் தேவை. அப்போது மானிட்டரில் 170 தெரிந்தால் 'ஐயோ பிரஷர்' என்று பதற வேண்டாம். பாதிப்பு தென்பட்டால் மருந்து ஏற்றி 180-க்கு மேலும் நாங்களே கொண்டுபோவதுண்டு. வீட்டில் பல வருடமாகப் போட்டுவந்த பிரஷர் மாத்திரையைப் பையிலிருந்து எடுத்து யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிடும் அன்பான உறவினர்களை நாங்கள் பயத்தோடு பார்க்கிறோம்.

உப்பும் தண்ணீரும் அப்படித்தான். இந்த நோயில் சிறுநீரகம் சோடியத்தை அள்ளி வெளியே கொட்டும், கூடவே நீரும் போகும். இரத்தத்தில் 135-க்குக் கீழே சோடியம் இறங்கும். வேறு சில நோய்களில் சோடியம் குறைந்தால் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். இங்கே தண்ணீரைக் குறைத்தால் மூளைக்கு இரத்தம் குறைந்து பக்கவாதம் வரும். 1980-களிலேயே தெரிந்த பாடம். அதனால் 0.9 சதவீத உப்பு நீரை நரம்பில் ஏற்றி, போவதும் வருவதும் சமமா என்று மணிக்கணக்கில் அளக்கிறோம். சிறுநீர்ப் பையைச் செவிலியர் பார்ப்பதற்குள் காலி செய்துவிடாதீர்கள், அந்த அளவு எங்களுக்கு வேண்டும். 'பிரஷர்காரர்' என்று உப்பில்லாக் கஞ்சி கொண்டுவர வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் இரத்தத்தைவிட மிகக் குறைவு. உப்பு இழப்புக்கு அது மாற்று ஆகாது.

நிமோடிபின் மாத்திரை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நோயில் பலன் நிரூபணமான வாய்வழி மருந்து இது ஒன்றுதான். பிரிட்டனில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களில் மூளைப் பகுதி செத்துப்போனது 22 சதவீதம் பேருக்கு, பெறாதவர்களில் 33 சதவீதம் பேருக்கு. வேடிக்கை என்னவென்றால், இது பெரிய தமனியைக் கண்ணுக்குத் தெரியும்படி விரிப்பதில்லை. சிறு குழாய்களிலும் மூளைச் செல்லிலும்தான் அதன் வேலை என்று கருதுகிறோம். அளவு: 30 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, நான்கு மணிக்கு ஒரு முறை, 21 நாள். ஒரு நாளைக்கு 12, மொத்தம் 252. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, அதிகாலை 2. அந்த அதிகாலை வேளையைத்தான் வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இரத்த அழுத்தம் இறங்கினால் வேளையைத் தவிர்க்கக் கூடாது. மருத்துவரைக் கேட்டால், இரண்டு மணிக்கு ஒரு முறை ஒரு மாத்திரை என்று பிரித்துத் தருவார். வலிப்புக்கு ஃபெனிடாயின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு நிமோடிபின் உடலில் நிற்பதே இல்லை, கல்லீரல் சீக்கிரம் கரைத்துவிடும். ஆகவே பழைய மருந்துச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினால் இன்னும் 9 நாள், 108 மாத்திரை மீதி இருக்கும். மேட்டுப்பாளையம் தாண்டுமுன் அத்தனையும் கையில் இருக்கட்டும். மஞ்சூரிலோ கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியிலோ இருக்கும் மருந்துக்கடையில் இது எப்போதும் கிடைக்கும் என்று நம்பி ஏறாதீர்கள்.

நாங்கள் வெளிப்படையாகவே சொல்வோம்: முடிந்தால் 21 நாள் முடியும்வரை மலையேறாமல், கீழே உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குங்கள். கோவையிலிருந்து ஊட்டி சுமார் 85 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பர்லியார் தாண்டினதும் வளைவுகளில் வாந்தி எடுத்தால் நீரும் போகும், விழுங்கிய மாத்திரையும் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால், பாதிப்பு தென்பட்ட நேரத்தில் திரும்பி இறங்க வழியிருக்காது. செலவு இருக்கிறதுதான், மறுக்கவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே பதிவு செய்துவிட்டால், சீக்கிரம் டிஸ்சார்ஜ் கேட்கும் அவசரம் பாதி குறையும்.

ஐ.சி.யு.விலும் வார்டிலும் உடனிருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்? 'பாவம், நல்லா தூங்கறார், எழுப்ப வேண்டாம்' என்பது இந்த நோயில் ஆபத்தான இரக்கம். நேற்றைவிட அதிகத் தூக்கம், கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில், ஆர்வமே இல்லாமல் சுவரைப் பார்ப்பது, சொல் தடுமாறுவது, இவைதான் முதலில் வரும். கை கால் விழுவது பிறகு. இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டி, கண்ணை மூடி, பத்து எண்ணும்வரை வைக்கச் சொல்லுங்கள். ஒரு கை மெல்ல உள்நோக்கித் திரும்பிக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே செவிலியரைக் கூப்பிடுங்கள். 'டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும்' என்று காத்திருக்க வேண்டாம். மூளை நீர் தேக்கம், வலிப்பு, சோடியம், காய்ச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றை நாங்கள் பிரித்துப் பார்க்கிறோம்.

தினமும் நெற்றிப்பொட்டில் கருவி வைத்து, ஒலி அலையால் இரத்த வேகத்தை அளக்கும் டாப்ளர் பார்ப்பதும் இதற்குத்தான். ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சுவதுபோல, சுருங்கிய தமனியில் இரத்த வேகம் கூடும். விநாடிக்கு 120 சென்டிமீட்டரைத் தாண்டினால் உஷார், 200-ஐத் தாண்டினால் கடுமை. காய்ச்சலிலும் சோகையிலும் எல்லாக் குழாயிலும் வேகம் கூடும் என்பதால் கழுத்துத் தமனியோடு ஒப்பிடுவோம். மூன்று மடங்குக்கு மேல் இருந்தால்தான் சுருக்கம் என்போம். மருந்துக்கும் அழுத்தத்துக்கும் மசியாவிட்டால், தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ குழாய் செலுத்தித் தமனிக்குள்ளேயே மருந்து கொடுப்பது, சிறு பலூனால் விரிப்பது ஆகிய வழிகள் உள்ளன. நேரத்தோடு சொன்னால் மட்டுமே அவை உதவும்.

கடைசியாக, முதல் நாள் மலையில். விநாடிகளுக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி, 'வாழ்நாளில் இப்படி வந்ததில்லை' என்பது, வாந்தி, கழுத்து விறைப்பு, ஒரு கண நினைவு தப்பல். கழுத்து விறைப்பைக் 'குளிர்ப் பிடிப்பு' என்றும் வாந்தியைப் 'பித்தம்' என்றும் சொல்லி நம் ஊர் நீலகிரித் தைலத்தைத் தேய்ப்பதால் கெடுதல் இல்லை. நேரம் போவதுதான் கெடுதல். முதல் 24 மணி நேரத்தில்தான் மறுகசிவு அதிகம். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், இரத்தம் உறைவதை அது கெடுக்கும். தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்திப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் நல்ல சி.டி. எடுத்தால் அநேகமாக எந்தக் கசிவும் தப்பாது. நாளாக ஆகத் தப்பும். அப்போது முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். கூடலூர்ப் பக்கத்தவர்கள் மைசூருக்கு இறங்கினால், பந்திப்பூர் சாலையின் இரவுத் தடையிலிருந்து ஆம்புலன்சுக்கு விலக்கு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் இரண்டு கோரிக்கை. தாலுகா மருத்துவமனைகளின் மருந்தகங்களில் ஒரு நோயாளிக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான 84 நிமோடிபின் மாத்திரையாவது எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். கீழே உள்ள மருத்துவமனைகள் தரும் டிஸ்சார்ஜ் தாளின் முதல் வரியில் இரத்தம் கசிந்த தேதியும், மாத்திரை முடியும் தேதியும் தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் படிக்கப்போவது பெரும்பாலும் எடக்காட்டிலோ தேவாலாவிலோ அதிகாலை 2 மணிக்கு அலாரம் வைத்து எழும் மகளோ மருமகளோதான்.

இப்படிக்கு,
நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.